மணலில் எழுதிய முதல் எழுத்துகள்

சீகன்பால்கு ஐயரைப் பற்றிப் பேசுங்கால், தரங்கம்பாடி அச்சுக்கூடத்தையும் 1715ஆம் ஆண்டில் அச்சேறி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டையும் முதலில் நினைவுகூர்வது நம் வழக்கம். அவற்றுக்கு அடித்தளமிட்ட தொடக்க நாட்களைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

1706 ஜூலை 9ஆம் நாள் அவரும் புளூச்சோ ஐயரும் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். மறுநாள் சீகன்பால்குவுக்கு 24 வயது நிறைவுற இருந்தது. டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் ஆணையோடு வந்தவர்களாயினும், கோட்டைத் தளபதி ஹாசியுஸ் அவர்களை வரவேற்கவில்லை. கோட்டைக்கு வெளியே நெடுநேரம் காக்கவைக்கப்பட்டு, பின்னர் தங்க இடமின்றிக் கடைவீதியில் விடப்பட்டனர். அந்நிய நாட்டில் அவர்கள் அடைந்த முதல் அவமதிப்பு, அந்நாட்டு மக்களிடமிருந்து வரவில்லை என்பது கருதத்தக்கது.

கடற்கரைப் பட்டணங்களில் ஐரோப்பியரோடு பேசப் பயன்பட்ட மொழி போர்த்துக்கேயம். அதனை இருவரும் கற்கத் தொடங்கினர். எனினும், அது தமிழர் இல்லங்களில் வழங்கும் மொழியன்று என்பதைச் சீகன்பால்கு விரைவில் உணர்ந்தார். முதிய திண்ணைப்பள்ளி உபாத்தியாயர் ஒருவர், தம் மாணாக்கருடன் மிஷனெரிகளின் இல்லத்திற்கே வந்து பாடம் நடத்த இசைந்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அச்சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, விரலால் மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார்.

எழுத்து அறிந்தபின்னும் பொருள் விளங்க வேண்டுமே! ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்திருந்த அழகப்பன் என்பவர் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்து அக்குறையை நீக்கினார். இவ்வுதவிக்கு அவர் செலுத்திய விலை பெரிது. பிற்காலத்தில் அவர் தரங்கம்பாடியிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தஞ்சையில் சிறையிடப்பட்டார். மிஷன் வரலாற்றை எழுதுவோர் இத்தகையோரை ஓரிரு வரிகளில் கடந்துசெல்வது நீதியாகாது. விருந்தினரின் உழைப்பைப் போற்றும் நாம், கற்பித்தவரின் துன்பத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

இரண்டே ஆண்டுகளில், 1708இல், நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றிய விளக்கப் பட்டியலொன்றைச் சீகன்பால்கு எழுதினார். தமிழர் நூல்களைக் கற்கக் கற்க, இம்மக்களைக் குறித்து ஐரோப்பாவில் நிலவிய இழிவான எண்ணம் அவரிடம் மாறியது. தாம் கொண்டுவந்த நற்செய்தியை அவர் கைவிடவில்லை. அதனைக் கேட்போர் சிந்திக்கவும் வினவவும் வல்லவர் என்பதை அறிந்து பேசினார். 1719இல், 36ஆம் வயதில், அவர் இம்மண்ணிலேயே மறைந்தார்.

இன்று நம் இறையியல் மாணவர் பலர், தமக்குப் பழக்கமில்லாத மொழியும் வழக்கமும் உடைய சபைகளுக்கு அனுப்பப்படுகின்றனர். சென்ற முதல் வாரத்திலேயே பிரசங்கபீடத்தில் நிலைபெற அவர்கள் விரும்புவது இயல்பு. அப்பீடத்தில் ஏறுமுன், அவ்வூர்ச் சிறுவரோடு தரையில் அமர்ந்து கற்கும் பொறுமை நமக்கு உண்டா? நம்மை ஆயத்தப்படுத்தும் எளிய மனிதரின் பெயரை நாம் நினைவில் வைப்போமா? தரங்கம்பாடி மணல் நம் முன் வைக்கும் வினாக்கள் இவையே.