மாவுறைக்குள் வந்த மரக்கறி

கி.பி. 1379-ஆம் ஆண்டில், இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் ஆட்சிக் காலத்தில், லண்டன் நகரத்தில் பேஸ்டி என்னும் மாவுறைப் பண்டம் விற்ற வியாபாரிகளுக்கு நகர நிர்வாகம் ஒரு கட்டளை பிறப்பித்தது. முயலையும் வாத்தையும் கோழியின் குடல் முதலிய கழிவுகளையும், சில சமயம் நாற்றமெடுத்த நிலையிலேயே, கோதுமை மாவுறைக்குள் வைத்துச் சுட்டு விற்று ஜனங்களை வஞ்சிக்கலாகாது என்றும், மாட்டிறைச்சியை உள்ளே வைத்து மூடிவிட்டு மான் இறைச்சியென விலை கூறலாகாது என்றும், மீறுவோருக்கு அபராதமும் மேயரின் சித்தப்படி சிறைவாசமும் உண்டு என்றும் அக்கட்டளை விதித்தது. அதை வேண்டிப் பெற்றவர்கள் அத்தொழிலின் தலைவர்களே. வாங்குகிறவனின் கண்ணுக்குத் தெரியாதபடி மூடி விற்கப்படும் பண்டமாதலால், நம்பிக்கை கெட்டால் தொழிலே கெடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால், இவ்வளவு நுணுக்கமாக மோசடிகளை வகைப்படுத்திய அந்தச் சட்டத்தில் காய்கறி என்ற பேச்சே இல்லை. மாவுறையைத் திறந்தால் உள்ளே இருப்பது மாமிசம்தான். எந்த மாமிசம் என்பது ஒன்றே அக்காலத்து லண்டன்வாசியின் கேள்வி.

இன்று லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ ஒரு தமிழ்க் கடைக்குள் நுழைகிறவர், கண்ணாடிப் பெட்டிக்குள் பொன்னிறமாய் அடுக்கியிருக்கும் பண்டங்களைச் சுட்டி ‘மரக்கறியா, மச்சமா?’ என்று, அதாவது சைவமா மாமிசமா என்று, கேட்டே வாங்குகிறார். ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலான இந்த இடைவெளியில், மசாலா சேர்ந்த காய்கறி லண்டனின் மாவுறைக்குள் எவ்விதம் வந்து குடியேறியது என்பது, அந்நகரத்தின் சமயத்தையும் வியாபாரத்தையும் யுத்தத்தையும் குடிபெயர்வையும் தொட்டுச் செல்லும் ஒரு சரித்திரம்.

அந்தக் கட்டளை பிறந்து ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின், அதே ரிச்சர்டு மன்னனின் மடைப்பள்ளித் தலைவர்கள் தொகுத்த பாகசாஸ்திரச் சுவடியில் ஓர் அபூர்வமான பக்குவம் காணப்படுகிறது. வெங்காயத்தை அரைவேக்காடாக வேகவைத்து, நீரை ஒட்டப் பிழிந்து, பொடியாக அரிந்து, முட்டை, வெண்ணெய், குங்குமப்பூ, உலர்ந்த திராட்சை, சிறிது சர்க்கரை, வாசனைத் தூள் ஆகியவற்றுடன் கலந்து சுட வேண்டும் என்கிறது அது. ஆண்டில் நான்கு பருவங்களில், பருவத்துக்கு மூன்று நாட்களாக, கத்தோலிக்கத் திருச்சபை விதித்திருந்த உபவாச தினங்களுக்கென்றே ஏற்பட்ட பதார்த்தம் இது. மாமிசம் விலக்கப்பட்ட நாளில் அரசனின் பந்தி வெறுமையாகிவிடாமல் காக்கவே வெங்காயத்துக்கு அந்த மரியாதை கிடைத்தது. வாசனைச் சரக்குகளோ லண்டனுக்குப் புதியவை அல்ல. மிளகு வணிகர்களின் சங்கம் ஒன்று 1180-லேயே அந்நகரில் இருந்தது. மலையாளக் கரையில் விளைந்த மிளகு, அலெக்சாந்திரியா வழியாகவும் வெனிஸ் வழியாகவும் கைமாறிக் கைமாறித் தேம்ஸ் நதிக்கரையை அடைந்தபோது, செல்வர்கள் மட்டுமே அள்ளிப் போடக்கூடிய பொருளாக இருந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்து போப்பாண்டவரின் அதிகாரத்தினின்று பிரிந்த பிறகு உபவாச நாட்களின் கட்டுப்பாடு மெல்லத் தளர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாகமுறையின் செல்வாக்குப் பெருகியபோது, கறியிலும் பேஸ்டியிலும் இருந்த வாசனைச் சரக்குகள் பெரும்பாலும் இனிப்புப் பண்டங்களுக்குள் ஒதுங்கின. 1666-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி புட்டிங் லேனில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக் கூடத்தில் மூண்ட தீ, நகரத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டுப் பை கார்னர் என்னுமிடத்தில் அடங்கியது. தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தின்பண்டப் பெயர் தாங்கியிருக்கவே, லண்டன்வாசிகளின் பெருந்தீனிக்குக் கிடைத்த தெய்வ தண்டனை இது என்று நீதி கூறினோர் பலர். அந்த மூலையில் நிற்கும் பொன்முலாம் பூசிய சிறுவனின் சிலைக்கீழ் எழுதப்பட்டிருப்பதும் இந்த நீதிதான். மாவுறைப் பண்டம் ஊனும் கொழுப்புமாகச் செழித்த வாழ்வின் சின்னமாகவே அந்நகரத்தார் மனத்தில் பதிந்திருந்தது என்பதை இது காட்டுகிறது.

மசாலா மறுபடியும் வந்தது கம்பெனியின் கப்பலில். 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில் எலிசபெத் ராணியிடம் சாசனம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்கள், சென்னையிலும் கல்கத்தாவிலும் பழகிய நாவுடன் ஊர் திரும்பினார்கள். 1747-இல் ஹன்னா கிளாஸ் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறைக் கறி ஒன்று இடம்பெற்றது. 1784-இல் பிக்காடிலியிலிருந்த ஒரு வாசனைத் திரவியக் கடை கறித்தூளுக்குப் பத்திரிகை விளம்பரம் செய்தது. 1810-இல் பாட்னாவில் பிறந்த தீன் முகம்மது, ஜார்ஜ் வீதியில் இந்துஸ்தானிக் காப்பி இல்லத்தைத் திறந்து, இரண்டே ஆண்டுகளில் கடன்பட்டு மூடினார். ஆயினும் இந்த மசாலாவெல்லாம் கோழியையும் ஆட்டையும் நாடிற்றேயன்றிக் காய்கறியின் பக்கம் திரும்பவில்லை. லண்டன் ஏழைகளின் வாழ்க்கையை ஆராய்ந்து ஹென்றி மேஹியூ 1851-இல் வெளியிட்ட பெருநூலில், சட்டி தாங்கித் தெருத்தெருவாகப் பை என்னும் மாவுறைப் பண்டம் விற்றவர்களைப் பற்றிய அத்தியாயம் உண்டு. வாங்க வருபவன் நாணயத்தைச் சுண்டுவான். விற்பவன் ஜெயித்தால் பண்டம் கொடாமலே காசு பெறுவான், தோற்றால் இனாமாகக் கொடுப்பான். அந்தச் சட்டிகளில் மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் விலாங்கு மீனும் பழங்களும் இருந்தன. மசாலாக் காய்கறி மட்டும் இல்லை.

காய்கறிக்கு ஆங்கிலேயரிடையே ஆதரவாளர் இல்லாமல் இல்லை. 1847-இல் ராம்ஸ்கேட்டில் தோன்றிய சாகபட்சண சங்கமும், 1888-இல் ஏற்பட்ட லண்டன் சாகபட்சண சங்கமும் ஜீவகாருண்யத்தையும் ஆரோக்கியத்தையும் முன்னிட்டு மாமிசத்தை மறுத்தன. அந்த 1888-ஆம் ஆண்டிலேதான் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் வந்து இறங்கிய மோகன்தாஸ் காந்தி என்ற இளைஞர், தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் பொருட்டு அரைப்பட்டினி கிடந்து, ஃபாரிங்டன் வீதியில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டு மகிழ்ந்தார். உப்புச் சப்பற்ற கீரையை விழுங்க முடியாமல் தாம் தவித்ததையும், பின்னர் மனப்பக்குவத்தினால் ஊரிலிருந்து வந்த மசாலாப் பொருள்களை விலக்கி, அதே கீரையை ருசித்து உண்டதையும் அவர் தமது சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். ஆங்கிலச் சாகபட்சணிகளுக்கு மாமிசத் தவிர்ப்பு ஒரு விரதம். அவர்களுடைய சமையலறையும் விரதத்துக்குரியதாகவே இருந்தது. கறித்தூள் கடையில் கிடைத்தது. காய்கறி அடுப்பில் வெந்தது. இரண்டையும் சேர்த்துவைக்கும் கை லண்டனில் இல்லை.

அடுத்த முறை காய்கறி மாவுறைக்குள் நுழைந்தது ராஜாங்கத்தின் தூண்டுதலால். இரண்டாம் உலகயுத்தத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடிக்க, 1940 ஜனவரியில் பங்கீடு தொடங்கியது. உணவு மந்திரியாயிருந்த வூல்டன் பிரபுவின் பெயரால் 1941-இல் பிரசித்தமான பதார்த்தத்தை அமைத்தவர், சவாய் ஹோட்டலின் தலைமைச் சமையற்காரர் பிரான்சிஸ் லாட்ரி. உருளைக்கிழங்கு, பூக்கோசு, காரட், ஸ்வீடு என்னும் மஞ்சள் நிறக் கிழங்கு ஆகியவை வகைக்கு ஒரு பவுண்டு. வெங்காயத்தாள் மூன்று நான்கு. காய்கறிச் சத்து ஒரு தேக்கரண்டி. ஓட்ஸ் ஒரு மேசைக்கரண்டி. இவற்றைப் பத்து நிமிஷம் வேகவைத்து, பாத்திரத்திலிட்டு, உருளைக்கிழங்காலோ தவிட்டுக் கோதுமை மாவாலோ மூடிச் சுட்டு, பழுப்பு நிறக் குழம்புடன் பரிமாற வேண்டும். மாமிசத்துக்கு ஊற்றும் குழம்பை மாமிசமில்லாத பண்டத்தின்மீது ஊற்றியதிலேயே அதன் மனோநிலை வெளிப்படுகிறது. பஞ்சகாலத்துக்கு ஏற்ற சத்துணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் உள்ளே காரமோ புளிப்போ மணமோ கிடையாது. 1954 ஜூலையில் பங்கீடு முற்றும் ஒழிந்த பின்னர் அதை ஏக்கத்தோடு நினைத்தவர்கள் சொற்பமே.

இதற்கிடையில் மாவுறை கடல் கடந்து தென்திசைக்குப் போயிருந்தது. லண்டனில் பிறந்த சாமுவேல் பேக்கர் 1848-இல் இலங்கையின் நுவரெலியா மலையில் ஆங்கிலேயக் குடியிருப்பு ஒன்றை அமைத்து, தம் நாட்டுக் காய்கறிகளை அங்கே விளைவிக்க முயன்றார். லீக்ஸும் கரட்டும் கோவா என்னும் முட்டைக்கோசும் காலப்போக்கில் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து யாழ்ப்பாணத்துச் சந்தைவரை சென்று, இலங்கைத் தமிழர் சமையலில் கலந்தன. பெங்களூரில் 1898-இல் ஐயங்கார் குடும்பத்தார் பேக்கரித் தொழிலில் இறங்கி, முட்டை சேராத பண்டங்களைச் செய்யும் ஒரு மரபை உண்டாக்கினார்கள். வெள்ளைக்காரரின் அடுக்குப் பேஸ்ட்ரி, தமிழகத்துப் பேக்கரிகளில் உருளைக்கிழங்கு மசாலாவும் பட்டாணியும் உள்ளே ஏற்று, பப்ஸ் என்ற பெயருடன் தேநீருக்குத் துணையாயிற்று. இலங்கையிலோ பற்றிஸ், ரோல்ஸ், பேஸ்ட்ரி என்று ஒரு சிற்றுண்டிப் பரிவாரமே எழுந்தது.

பின்னர் மக்கள் லண்டனை நோக்கி வந்தார்கள். அவரவர் மாவுறையும் உடன் வந்தது. 1845 முதல் 1917 வரை சுமார் 36,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று இறங்கிய ஜமைக்காவில், ஆங்கிலேயப் பேஸ்டியும் இந்திய மசாலாவும் அத்தீவின் மிளகாயும் கூடிப் பாட்டி என்னும் பண்டத்தைப் பிறப்பித்தன. 1948-இல் ‘வின்ட்ரஷ்’ கப்பல் தில்பரியை அடைந்த பிற்பாடு, பிரிக்ஸ்டன் போன்ற பகுதிகளில் அது இடம்பிடித்தது. 1950-களில் கென்யாவிலிருந்து வந்த பத்தக் குடும்பத்தார் வீட்டிலேயே சமோசா செய்து விற்றுத் தொடங்கிய வியாபாரம், பின்பு பெருந்தொழிலாயிற்று. 1972-இல் உகாண்டாவை விட்டுத் துரத்தப்பட்டுப் பிரிட்டன் வந்த சுமார் 28,000 ஆசியர்களில் பலர் குஜராத்திகள். இவர்களுள் மாமிசம் உண்ணாத வைஷ்ணவரும் ஜைனரும் மிகுதி. இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத் தமிழர் பெருந்தொகையாக வந்தார்கள். 1981-இல் விம்பிள்டனில் கணபதி கோயிலும், 1986-இல் ஹைகேட்டில் முருகன் கோயிலும் எழுந்தன. வெள்ளிக்கிழமை விரதமும் கந்தசஷ்டியும் திருவிழாவும் நாட்காட்டியில் நின்றதால், மரக்கறிச் சிற்றுண்டிக்கு நிலையான தேவை ஏற்பட்டது.

மரக்கறிப் பேஸ்ட்ரியைச் செய்யும் முறையில் உள்ள நுட்பம் கவனிக்கத்தக்கது. பிசைந்த மாவுக்குள் குளிர்ந்த வெண்ணெயை வைத்து மூடி, விரித்து, மூன்றாக மடித்து, குளிரில் ஆறவிட்டு, மீண்டும் விரித்து மடிக்க வேண்டும். ஆறு முறை இப்படிச் செய்தால் 729 அடுக்குகள் உண்டாகின்றன. அடுப்பின் வெப்பத்தில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கிப் பிரிக்கிறது. உள்ளே வைக்கும் கறி சூடாயிருந்தால் வெண்ணெய் அடுப்புக்குப் போகுமுன்னே உருகி அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். ஈரமாயிருந்தால் அடிப்பாகம் வேகாமல் களியாகும். ஆகவே பெருஞ்சீரகம், வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அவித்து மசித்த உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் சேர்த்து, வறுத்தரைத்த தூளிட்டு, நீர் முற்றும் வற்றச் சுண்டவைத்து, ஆறிய பிறகே பொதிகிறார்கள். மேலே முட்டைக்குப் பதிலாகப் பால் பூசுவதும் உண்டு. ரிச்சர்டு மன்னனின் சமையற்காரன் வெங்காயத்தின் நீரைப் பிழிந்ததும், ஈஸ்ட் ஹாம் கடைக்காரர் கறியைச் சுண்டவைப்பதும் ஒரே காரணத்துக்காகவே.

காரணம் ஒன்றாயினும் கருத்து வேறு. அரண்மனை வெங்காயம் உபவாசத்தை முன்னிட்டு மாமிசத்தின் இடத்தில் உட்கார்ந்தது. வூல்டனின் கிழங்கு யுத்தத்தை முன்னிட்டு உட்கார்ந்தது. தமிழனின் மரக்கறிக்கும் விரதத்தோடு சம்பந்தம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவனுடைய விரத நாள் பந்தியில் பொரியலும் கூட்டும் குழம்பும் வடையும் தத்தம் குணத்தோடு பரிமாறப்படுகின்றன. எந்தப் பதார்த்தமும் இன்னொன்றின் பிரதிநிதியாக இலையில் வந்து அமர்வதில்லை. தலைமுறை தலைமுறையாகக் காய்கறியை முழுமையான உணவாகவே சமைத்துப் பழகிய அந்தச் சமையலறை லண்டனுக்கு வந்த பிறகுதான், அந்நகரின் மாவுறைக்குள் காய்கறி தன் சொந்த உரிமையோடு புகுந்தது.

2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் கார்ன்வால் பேஸ்டிக்குப் புவிசார் பாதுகாப்பு அளித்தபோது, அந்தப் பெயர் பெறும் பண்டத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பங்காவது மாட்டிறைச்சி இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. மறு ஆண்டு பிரிட்டனின் வரவு செலவுத் திட்டத்தில் சூடான பேஸ்டிகளுக்கு 20 சதவீத வரி விதிக்க நிதி மந்திரி முற்பட, நாடே கொதித்தெழுந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அதைக் கைவிடச் செய்தது. பெயரையும் மாமிசத்தையும் சட்டத்தால் காக்கும் இந்த அக்கறை 1379-ஆம் ஆண்டுக் கட்டளையின் நேர் வாரிசு. மரக்கறிப் பேஸ்ட்ரிக்கோ இன்றளவும் சாசனம் எதுவும் இல்லை; இன்ன காய் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. அதனாலேயே கொழும்பின் லீக்ஸும் சென்னையின் பட்டாணியும் ஜமைக்காவின் மிளகாயும் அதற்குள் தடையின்றி இடம்பெறுகின்றன. இனி லண்டனுக்குக் குடிவரப் போகிறவர்களின் காய்கறிக்கும் அதே இடம் உண்டு.