தடைகளிடையே வளர்ந்த விசுவாசம்: இலங்கைக் கத்தோலிக்கர் வரலாற்றில் ஒரு நோக்கு

சீகிரியாக் குன்றின் உச்சியில் நின்று நோக்குவார்க்குக் காசியப்ப மன்னனின் (கி. பி. 477–495) நினைவே முந்துதல் இயல்பு. அம்மன்னன் காலத்தையொட்டி இத்தீவிற் கிறித்தவ வழிபாடும் நிகழ்ந்தது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மஸ் என்பார், இங்குக் குடியேறிய பாரசீகக் கிறித்தவருக்குக் கோயிலும், பாரசீகத்தில் நியமனம் பெற்ற குருவும் இருந்தமையைக் குறித்துள்ளார். நாட்டு மன்னரும் மக்களும் வேற்றுச் சமயத்தவர் என்பதும் அவர் குறிப்பே. அநுராதபுரத்தில் 1912இல் கிடைத்த கற்சிலுவையை அறிஞர் பலர் இவர்களோடு தொடர்புபடுத்துவர். அவர்களை எவரும் ஒடுக்கியதாகச் சான்றில்லை. எனினும் வணிகரோடு வந்த சமயம் வணிகரோடே மறைந்தது.

இதே மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைக்கு அண்மையில், வஹகோட்டை என்றோர் ஊர் உளது. கண்டி மன்னர் ஆட்சியில் உள்நாட்டிற் குடியமர்ந்த போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் தாம் என்பது அவ்வூர்க் கத்தோலிக்கரின் மரபு. சிங்களம் பேசிச் சிங்கள ஊரவராகவே வாழும் அவர்களது அந்தோனியார் திருத்தலத்துக்கு யூன் மாதந்தோறும் யாத்திரிகர் திரள்கின்றனர். தடையின்றி வாழ்ந்த சமயம் அழிய, தடைகள் பல கண்டது நிலைத்ததேன்? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

முதற்கண் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். போர்த்துக்கேயர் காலக் கத்தோலிக்கம் அரசதிகாரத்தின் துணையோடு பரவியது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தது; நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1621இல் இடிக்கப்பட்டது. பதவி விரும்பியும் அச்சத்தாலும் திருமுழுக்குப் பெற்றோர் பலர். இதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது நிலைமை தலைகீழாயிற்று. கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் அளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமென விதிக்கப்பட்டது. திருமணப் பதிவு, உத்தியோகம், முதுசொம் யாவும் ஒல்லாந்தத் திருச்சபையின் திருமுழுக்கோடும் தோம்புப் பதிவோடும் பிணைக்கப்பட்டன.

விளைவு யாது? ஒல்லாந்தக் கோயிலிற் பெயர் பதிந்துவிட்டு, வீட்டிற் பழைய செபங்களைச் சொல்லியோர் உளர். நீறணிந்து சைவராகவே வாழ்ந்துகொண்டு தோம்பில் மட்டும் கிறித்தவராயிருந்தோர் இன்னும் பலர். இதனை இரட்டை வேடம் என இகழ்வது எளிது. பிள்ளைகள் முறையற்ற பிறப்பினர் என எண்ணப்படுவர், காணி கைவிட்டுப் போகும் என்ற நிலையில் நின்றோரை, நூலகத்தில் அமர்ந்து எழுதும் நான் எங்ஙனம் தீர்ப்பிடுவேன்? ஆயினும் அச்சம் பழக்கமாகி, பழக்கம் மறதியாகிவிடும் இடர் அங்கிருந்தது. சட்டத்தினும் பெரிய தடை இதுவே என்பது என் கருத்து.

அத்தடையை எதிர்கொண்டவர் கோவையிற் பிறந்த யோசேவ் வாஸ் அடிகளார் (1651–1711). 1687இல், யோவான் என்ற பணியாளனோடு, கூலியாள் வேடந்தாங்கி அவர் இலங்கை வந்து சேர்ந்தார். அவருக்குப் படையில்லை, ஆணையோலையுமில்லை. வந்தவுடன் வயிற்றோட்டத்தால் மரணத்தை அண்மித்தார். பின்னர்க் கழுத்திற் செபமாலை தொங்கவிட்டு யாழ்ப்பாணத்து வீதிகளிற் பிச்சையெடுத்தார் என்பர். செபமாலையைக் கண்டு முகம் மாறுவோர் எவரென அறிதற்கே அவ்வுபாயம். சில்லாலையை நிலைக்களமாகக் கொண்டு, இரவில் வீடுதோறும் மறைக்கல்வி புகட்டினார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் வழிபாட்டிடத்தை முற்றுகையிட்டுப் பலரைச் சிறைப்பிடித்தனர். அடிகளார் தப்பினார்.

அடுத்து அவர் நாடியது கண்டி இராச்சியத்தை. போர்த்துக்கேய ஒற்றன் எனப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கோள்மூட்ட, 1692இற் சிறையிடப்பட்டார். சிறைக்காலத்திலேயே சிங்களம் கற்றார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் (1687–1707) அவர் நடத்தை கண்டு தெளிந்து, பின்னர்ச் சமயப்பணிக்கு இடந்தந்தார். 1697இல் அம்மைநோய் பரவியபோது, உற்றாராலும் கைவிடப்பட்டோரைச் சமயம் வினவாது பேணியமை அவர்மீது மதிப்பை வளர்த்தது. கிறித்தவ ஒல்லாந்தர் துரத்திய கிறித்தவருக்குப் பௌத்த மன்னர் நிழல் தந்தார் என்பது நம் பாடநூல்கள் போதிய அளவு எடுத்துரையாத செய்தி. மாந்தையிலிருந்து மாதாவின் திருவுருவத்தைக் காத்து எடுத்துச் சென்றோர் மடுக்காட்டில் அடைக்கலம் புகுந்ததும் இவ்வொல்லாந்தர் காலத்திலேயாம்.

குருமார் மிகச் சிலர், ஊர்களோ பல. ஆதலின் ஒவ்வோர் ஊரிலும் மூப்பரும் அண்ணாவிமாரும் பொறுப்பேற்றனர். குரு வாராத நாளில் ஞாயிற்றுச் செபத்தை நடத்துவோரும், சாகுந்தறுவாயிலிருப்போர்க்குத் துணைநிற்போரும், குழந்தைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்போரும் இவர்களே. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) இம்முறைக்கு நூல்வலிமை அளித்தார். கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். குருவில்லாத ஊரிலும் ஒருவர் வாசிக்கப் பிறர் கேட்டுப் பயனுறக்கூடியவை அந்நூல்கள். இலங்கைத் தமிழ் உரைநடை வரலாற்றை நாவலர் காலத்திலிருந்து தொடங்குவோர் இவரை மறத்தல் தகாது.

நன்னிலை நீடிக்கவில்லை. சிறீ விஜய ராஜசிங்க மன்னர் (1739–1747) காலத்திற் கண்டியிலும் குருமார் வெளியேற்றப்பட்டனர். அக்காலை ஊர்களில் எஞ்சியோர் மூப்பரும் அண்ணாவிமாருமே.

1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. தோம்பிற் பெயர் பதிந்திருந்த இலட்சக்கணக்கானோர், பதிவினாற் பயனில்லை என்று கண்டதும், சில ஆண்டுகளிலேயே தத்தம் பழைய சமயங்களுக்கு மீண்டனர். 1806இல் ஆங்கில அரசு கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியது. அவர்களோ அதற்கு முன்னரே கோயில்களும் செபக்கூடங்களும் உடையோராய் இருந்தனர். யோசேவ் வாஸ் அடிகளாரைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பிற் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுவுக்கும் சென்றார். கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கமோ, அவர் மறைந்து இருநூற்றெண்பது ஆண்டுகள் கடந்தும், தவக்காலத்தில் ஊரவர் கூடி இராகத்தோடு வாசிக்கும் நூலாக யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க மரபில் இடம்பெற்றுள்ளது.