ஒரு கொத்து எத்தனை கிராம்?

எங்கட வீடுகளில் அளவு எண்டால் சுண்டும் கொத்தும்தான். நாலு சுண்டு ஒரு கொத்து. சுண்டு இல்லாத வீட்டில் ரின்பால் பேணி. யூடியூப் பார்த்துச் சமைக்கிற நாங்கள் எல்லாத்தையும் கிராமில் கேட்கிறோம். அம்மம்மாமாரின் கணக்கைக் கிராமுக்கு மாத்த வெளிக்கிட்டால் முதல் கேள்வி: ஒரு கொத்து எத்தனை கிராம்? “எதில ஒரு கொத்து?” எண்டு அவை திருப்பிக் கேட்பினம். அந்தத் திருப்பிக் கேட்பில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

கொத்து என்பது கொள்ளளவு. பாத்திரம் மாறாது, உள்ளே போடுகிற பொருளைப் பொறுத்து நிறை மாறும். பிரித்தானியர் காலக் கணக்கில் 32 கொத்து ஒரு புசல். ஒரு புசல் அரிசி 64 இறாத்தல். அதே புசல் நிறைய நெல் போட்டால் 46 இறாத்தல்தான். உமியும் இடைவெளியும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் ஒரு கொத்து அரிசி 2 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 907 கிராம். ஒரு சுண்டு 227 கிராம். அரித்த அரிசி மா என்றால் அதே சுண்டு 150 கிராம் அளவில் நிற்கும். அமத்திப் போட்டால் 200 கிராமைத் தொடும்.

அளக்கிற கையும் முக்கியம். தலைதட்டி அளக்கலாம், கும்பமாகவும் அளக்கலாம். சமையலில் இதனால் புட்டு கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். ஆனால் ‘கொத்து’ என்ற சொல்லுக்கு, வயலில் வேலை செய்தவருக்குக் கூலியாகக் கொடுக்கும் தானியம் என்ற பொருளும் அகராதியில் இருக்கிறது. கூலியே தானியமாக இருந்த காலத்தில், தலைதட்டுகிற கை முதலாளியின் கையாக இருந்தால் ஒவ்வொரு கொத்திலும் கூலி குறையும்.

இலங்கையின் அரசியலும் கொத்துக் கணக்கில்தான் நடந்தது. 1953இல் கூப்பன் அரிசியின் விலையை ஒரு கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசு உயர்த்தியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். மீண்டும் பிரதமராக இருந்த அவரே 1966இல் தலைக்கு வாரம் இரண்டு கொத்தாக இருந்த பங்கீட்டை ஒன்றாகக் குறைத்து, அந்த ஒன்றை இலவசமாக்கினார். 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி வென்றதற்கு ‘மீண்டும் இரண்டு கொத்து’ என்ற வாக்குறுதியும் ஒரு காரணம்.

பிறகு மெட்ரிக் முறை வந்தது. கொத்தும் இறாத்தலும் கிலோவுக்கு வழிவிட்டன. இந்த மாற்றத்தில் நியாயம் இருந்தது. தராசில் தலைதட்டல் இல்லை. நெல்லோ மாவோ, ஒரு கிலோ ஒரு கிலோதான். ஆனால் 1979இல் நடந்தது வேறு மாற்றம். பங்கீட்டு அரிசிக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் இருந்தது அளவு இல்லை, ரூபா. அரிசி விலை ஏற ஏற, அதே முத்திரைக்குக் கிடைக்கும் அரிசி குறைந்துகொண்டே போனது. கொத்திலோ கிலோவிலோ சொன்ன வாக்குறுதியை அளந்து பார்க்கலாம். ரூபாவில் சொன்னது, யாரும் தொடாமலே தானாகக் கரைந்தது.

ஆகவே அடுப்படிக்கும் அரசியலுக்கும் எங்களிடம் இருப்பது ஒரே கேள்விதான்: எதை, எதால், யார் அளக்கிறார்கள்? அம்மம்மாட்ட சமையற்குறிப்பு எழுதி வாங்கும்போது ‘ஒரு சுண்டு’ எண்டு மட்டும் எழுதிக்கொண்டு வராதேங்கோ. எந்தப் பேணி, தலைதட்டியா கும்பமா, மா வறுத்ததா அரித்ததா எண்டும் கேளுங்கோ. அவ அளந்து போட்டதை அப்பவே தராசில வைச்சு, கிராமையும் பக்கத்தில எழுதுங்கோ. நிவாரணம் எண்டு ஆராவது ஒரு தொகை சொன்னால், அதில எத்தனை கிலோ அரிசி வாங்கலாம் எண்டும் கணக்குப் பாருங்கோ.