பழைய கைக்கடிகாரமும் பொருந்தாத செயினும் – ஒரு சிறு வரலாறு

பழைய கைக்கடிகாரம் வாங்க நினைப்பவர் முதலில் பார்ப்பது அதன் முகப்பை. அடுத்து முட்கள், சாவி, உள்ளே இருக்கும் இயந்திரம். சரியாக ஓடுகிறதா என்று காதருகே வைத்துப் பார்ப்பார்கள். பெட்டி இருக்கிறதா, ரசீது இருக்கிறதா என்று கேட்பார்கள். எல்லாம் பிடித்துப்போய்ப் பணத்தையும் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கையில் மாட்டும்போதுதான் தெரியும்... செயின் மணிக்கட்டைச் சுற்றி வரவில்லை! இன்னும் இரண்டு கண்ணிகள் வேண்டும். அந்தக் கண்ணிகளைச் செய்த நிறுவனமோ அவற்றை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருக்கும்.

இது வெறும் துரதிர்ஷ்டம் இல்லை. இதற்குப் பின்னால் ஏறக்குறைய இருநூறு வருட வரலாறு இருக்கிறது. கடிகாரத்தைச் செய்தவர்கள் வேறு, அதைக் கையில் கட்டும் செயினைச் செய்தவர்கள் வேறு என்பதுதான் அந்த வரலாற்றின் சுருக்கம்.

ராணியின் கைக்கு ஏற்ற கடிகாரம்

பதிவேடுகளில் காணப்படும் மிகப் பழைய கைக்கடிகாரங்களில் ஒன்று, பாரிஸில் பிரெகே என்ற புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் செய்தது. அதைக் கேட்டு வாங்கியவர் நேப்பிள்ஸ் நாட்டு ராணி கரோலின் முரா. இவர் நெப்போலியனின் தங்கை. 1810-இல் ஆர்டர் கொடுக்கப்பட்டு, 1812-இல் வேலை முடிந்தது. அதன் பட்டை எதனால் ஆனது தெரியுமா? தங்க இழையோடு சேர்த்துப் பின்னிய தலைமுடியால்! அந்தக் கடிகாரம் இன்று எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிரெகே நிறுவனத்தின் பழைய ஏடுகளில் இருக்கும் குறிப்புகள் மட்டுமே மிச்சம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அது ஒருவருடைய கைக்காகச் செய்யப்பட்ட கடிகாரம். எனவே பொருந்துமா பொருந்தாதா என்ற கேள்வியே எழவில்லை. பிற்காலத்தில் கடிகாரங்கள் ஆயிரக்கணக்கில் தயாராகிக் கடைக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி பிறந்தது.

போர் கொண்டுவந்த பட்டை

19-ஆம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய ஆண்கள் சட்டைப் பையில் வைக்கும் கடிகாரத்தையே பயன்படுத்தினார்கள். கையில் கட்டுவது பெண்களின் நகை என்று கருதப்பட்டது. அந்த எண்ணத்தை மாற்றியது போர்க்களம். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில், படைவீரர்கள் பைக் கடிகாரத்தைக் கிண்ணம் போன்ற தோல் உறையில் வைத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள். குதிரையின் கடிவாளத்தையோ துப்பாக்கியையோ பிடித்திருப்பவர் பையில் கைவிட்டுக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டிருக்க முடியாது அல்லவா?

முதல் உலகப் போரில் (1914–1918) இந்தத் தேவை பல மடங்கு பெருகியது. பீரங்கிக் குண்டுவீச்சு எந்த நிமிடத்தில் நிற்கும், காலாட்படை எந்த நிமிடத்தில் பதுங்குகுழியை விட்டு ஏற வேண்டும் என்பதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தே முடிவானது. சில நிமிடங்கள் பிசகினால் சொந்தப் படையின் குண்டே தலையில் விழும். எனவே சிறிய பைக் கடிகாரங்களைப் போன்ற உருண்டைக் கடிகாரங்களின் இருபுறமும் கம்பி வளையங்களைப் பற்றவைத்து, அவற்றில் தோல் பட்டையைக் கோர்த்தார்கள்.

இன்று அத்தகைய கடிகாரம் ஒன்றை வாங்குபவருக்கு முதல் சிக்கல் இங்கேதான் காத்திருக்கிறது. அந்தக் கம்பியைக் கழற்ற முடியாது. இப்போது கடைகளில் கிடைக்கும் ஸ்ட்ராப்பின் முனை தைத்து மூடப்பட்டிருக்கும். அதன் நடுவே ஸ்பிரிங் பார் என்ற சிறு ஊசியைச் செருகித்தான் மாட்ட வேண்டும். கழற்ற முடியாத கம்பியில் அந்த ஸ்ட்ராப் ஏறாது. முனை திறந்த பட்டையையோ, அடியில் புகுந்து வெளியே வரும் ஒற்றைப் பட்டையையோ தேட வேண்டும்.

போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்கள் கையில் கடிகாரத்தோடுதான் திரும்பினார்கள். அதற்குப் பிறகு அதைப் பெண்களின் நகை என்று யாரும் கேலி செய்யவில்லை. 1930-களில் பைக் கடிகாரத்தைக் கைக்கடிகாரம் முந்திவிட்டது. கழற்றி மாட்டக்கூடிய ஸ்பிரிங் பாரும் அந்தக் காலத்தில்தான் பரவலானது.

செயின் செய்தவர்கள் யார்?

இனி உலோகச் செயினுக்கு வருவோம். பெரிய கடிகார நிறுவனங்கள் நீண்ட காலம் செயின்களைத் தாங்களே செய்யவில்லை. ஜெனீவாவில் 1835-இல் தொடங்கப்பட்ட கே ஃப்ரேர் என்ற நிறுவனம், பைக் கடிகாரங்களுக்கான சங்கிலிகளைச் செய்துவந்தது. கைக்கடிகாரம் பரவியதும் அதே கைத்திறனைக் கொண்டு கைச் செயின்களைச் செய்யத் தொடங்கியது. படேக் பிலிப், ரோலெக்ஸ், ஹாயர், ஜெனித் என்று ஒன்றோடொன்று போட்டியிட்ட பல நிறுவனங்களுக்கும் செயின் கொடுத்தது இந்த ஒரே நிறுவனம்தான்! கடைசியில் 1998-இல் ரோலெக்ஸ் அதை விலைக்கே வாங்கிவிட்டது.

வணிகவியல் படிப்பவர்களுக்குப் பிடித்தமான இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் சுங்க வரி. சுவிட்சர்லாந்திலிருந்து முழுக் கடிகாரமாக இறக்குமதி செய்தால் அமெரிக்காவில் வரி அதிகம். எனவே பல நிறுவனங்கள் இயந்திரத்தை மட்டும் அனுப்பி, மேல்கூட்டை அமெரிக்காவிலேயே செய்து பொருத்தின. செயின்களும் அங்கேயே உள்ளூர் பட்டறைகளில் தயாராயின. இதன் விளைவு, ஒரே மாதிரிக் கடிகாரம் ஐரோப்பாவில் ஒரு செயினோடும் அமெரிக்காவில் இன்னொரு செயினோடும் விற்றது. இரண்டுமே அசல்தான். ஆனால் ஒன்றின் கண்ணி மற்றொன்றில் சேராது.

அளவு முறையும் வேறு. சுவிஸ்காரர்கள் மில்லிமீட்டரில் அளந்தார்கள். அமெரிக்கர்கள் அங்குலத்தில் அளந்தார்கள். கடிகார உடலிலிருந்து பட்டையைப் பிடிக்க நீண்டிருக்கும் கால்களை லக் என்பார்கள். இரண்டு லக்குகளுக்கு இடையே உள்ள அகலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பழைய அமெரிக்கக் கடிகாரங்களில் அது பெரும்பாலும் 5/8, 11/16, 3/4 அங்குலம். மில்லிமீட்டரில் சொன்னால் சுமார் 15.9, 17.5, 19. இன்று கடைகளில் அதிகம் கிடைப்பவை 18, 20, 22. அந்த 17.5-க்கு 17 போட்டால் ஆடும், 18 போட்டால் நெருக்கும்.

ஒரு பக்கம் வளைவு, ஒரு பக்கம் எண்

அகலம் சரியாக இருந்துவிட்டாலும் போதாது. உருண்டையான கடிகாரத்தோடு சேரும் இடத்தில் செயினின் முனைத் துண்டு வளைந்திருக்க வேண்டும். அந்த வளைவு மாதிரிக்கு மாதிரி மாறும். எனவே செயினுக்கு ஒரு எண், முனைத் துண்டுக்குத் தனி எண் என்று உள்ளே பொறித்தார்கள். உதாரணமாக, ஒமேகா நிறுவனத்தின் 1039 என்ற செயின் 516 என்ற முனைத் துண்டோடு இருந்தால் அது ஸ்பீட்மாஸ்டருக்கு உரியது. அதே 1039 வேறு எண் கொண்ட முனைத் துண்டோடு வேறு மாதிரிகளுக்கும் வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மாட்டிப் பார்த்தால்தான் இடைவெளி பல்லை இளிக்கும்.

ரோலெக்ஸின் பழைய செயின்கள் பலவற்றில் கொக்கியின் உட்புறம் எந்த வருடம், எந்தக் காலாண்டு என்றுகூடப் பொறிக்கப்பட்டிருக்கும். கடிகாரத்தின் வருடமும் கொக்கியின் வருடமும் ஒத்துப்போனால் வாங்குபவர் நிம்மதி அடையலாம். ஆனால் பழுது பார்க்கும்போது கொக்கியை மட்டும் மாற்றுவதும் உண்டு. எனவே வருடம் ஒத்துப்போகவில்லை என்பதற்காகவே அதைப் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

1972-இல் இன்னொரு பெரிய மாற்றம் வந்தது. ஜெரால்ட் ஜென்டா வடிவமைத்த ராயல் ஓக் என்ற கடிகாரத்தை ஓடுமார் பிகே நிறுவனம் வெளியிட்டது. இதில் செயின் தனிப் பொருளே அல்ல, கடிகார உடலின் தொடர்ச்சி. கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்ட்ராப் எதுவும் இதில் சேராது. இந்தப் பாணி 1970-களில் பரவியது. விலை குறைந்த கடிகாரங்களும் இதைப் பின்பற்றின. அத்தகைய பழைய கடிகாரத்தில் செயின் குட்டையாக இருந்தால், தோல் பட்டை போட்டுச் சமாளிக்கவும் வழியில்லை.

திரையில் பொருந்தாத பட்டை

பொருந்தாத பட்டைகளிலேயே உலகப் புகழ் பெற்றது எது? 1964-இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஜேம்ஸ் பாண்டாக நடித்த ஷான் கானரியின் கையில் இருந்ததுதான்! படத்தின் தொடக்கத்தில் அவர் லைட்டரைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் ரோலெக்ஸ் சப்மரைனரில் மணி பார்ப்பார். அந்தக் கடிகாரத்தின் லக் அகலம் 20 மில்லிமீட்டர். அதில் கோர்த்திருந்த கோடு போட்ட நைலான் பட்டையோ அதைவிட நன்றாகவே குறுகியது. இருபுறமும் ஸ்பிரிங் பார் வெளியே தெரியும்.

உலகின் மிக நேர்த்தியான உளவாளியின் கையில் இப்படி ஒரு பட்டை! ஆனால் ரசிகர்கள் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதே வண்ணக் கோடுகளோடு பட்டைகள் இன்றும் விற்கின்றன. பலரும் அதை 'நேட்டோ பட்டை' என்று அழைக்கிறார்கள். அதுவும் சரியல்ல. அந்தப் பெயரில் வழங்கும் பட்டைக்கு பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் தர அளவு வெளியிட்டது 1973-இல்தான். படம் வந்து ஒன்பது வருடங்கள் கழித்து!

எல்லாக் கைக்கும் ஒரு செயின்

பொருந்தாமைக்குத் தீர்வு காணவும் முயற்சிகள் நடந்தன. அவற்றில் மிகவும் வெற்றி பெற்றது இழுத்தால் விரியும் ஸ்பிரிங் செயின். ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரைச் சேர்ந்த ரோடி அண்ட் வீனன்பெர்கர் நிறுவனம் இதில் முன்னோடி. அமெரிக்காவில் ஸ்பைடெல் நிறுவனம் 1959-இல் 'ட்விஸ்ட்-ஓ-ஃப்ளெக்ஸ்' என்ற பெயரில் இதைப் பெரிய அளவில் விற்றது. கொக்கியும் இல்லை, துளையும் இல்லை. கையை நுழைத்தால் போதும். ஆனால் இதை விரும்பியவர்கள் கடிகாரத்தோடு வந்த அசல் செயினைக் கழற்றி மேசை அறையில் போட்டார்கள். பிறகு அது தொலைந்தது. இன்று அசல் செயின் அரிதாகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவிலும் இந்தக் கதை உண்டு. எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது. டாடாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்து சந்தையைப் பிடித்தது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அரசு 2016-இல் ஒப்புதல் அளித்தது. அதன் பிறகு பழைய எச்.எம்.டி. கடிகாரங்களைத் தேடி வாங்குபவர்கள் பெருகினார்கள். அப்பாவின், தாத்தாவின் கையில் பார்த்த கடிகாரம் என்பதால் தேடுபவர்கள் பலர். அப்படிக் கிடைக்கும்போது செயினில் கண்ணிகள் குறைந்திருந்தால், அது முன்பு அணிந்திருந்தவருடைய கையின் அளவு. அவருக்காகக் கடைக்காரர் கழற்றிய கண்ணிகளை யாரும் பத்திரப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

வாங்குபவர் கவனத்துக்கு

வரலாற்றிலிருந்து கிடைக்கும் பாடங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம்:

1. மணிக்கட்டின் சுற்றளவை நூலாலோ டேப்பாலோ அளந்துகொண்டு, செயினைப் பூட்டிய நிலையில் அதன் உட்சுற்றளவை விற்பவரிடம் கேட்க வேண்டும். "சாதாரணக் கைக்குப் போதும்" என்ற பதில் போதாது.

2. லக் அகலத்தை மில்லிமீட்டரில் கேட்க வேண்டும். அமெரிக்கக் கடிகாரம் என்றால் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

3. செயின், முனைத் துண்டு, கொக்கி ஆகிய மூன்றிலும் உள்ள எண்களுக்குப் படம் கேட்க வேண்டும்.

4. செயினைப் படுக்கையாகப் பிடித்தால் எவ்வளவு தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஊசிகள் தேய்ந்திருந்தால் அதிகம் தொங்கும். இப்படி 'நீளம் கூடிய' செயின் கைக்குச் சரியாக இருப்பது போலத் தோன்றும்; ஆனால் அது அறுந்து விழும் நாள் தூரத்தில் இல்லை.

5. உடலோடு சேர்ந்த செயின் என்றால், பொருந்தினால் மட்டுமே வாங்க வேண்டும். மற்றவற்றில் ஒரு நல்ல தோல் ஸ்ட்ராப் போட்டுக்கொள்ளலாம். அதன் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுவதில் தவறில்லை.

6. அசல் செயின் பொருந்தாவிட்டாலும் அதைத் தூக்கி எறியக் கூடாது. கழற்றிய கண்ணிகளோடு ஒரு டப்பாவில் போட்டு, எந்தக் கடிகாரத்துடையது என்று எழுதி வைக்க வேண்டும். ஐம்பது வருடங்களுக்கு முன்பு யாராவது அப்படி எழுதி வைத்திருந்தால், இன்று வாங்குபவருக்கு அந்த இரண்டு கண்ணிகள் கிடைத்திருக்கும்.