நீரின் குணமும் நீர்ச்செடித் தொட்டியும்



ஆலையடிவேம்பிலும் அதனை அடுத்த அக்கரைப்பற்றிலும் கிணற்றடியிலே நின்று நீர் மொள்வோர் யாவரும் ஒருண்மையை அறிவர். எல்லாக் கிணற்று நீரும் ஒரே குணத்தன அல்ல. ஒரு கிணற்று நீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைக்கும். மற்றொன்றில் நுரைக்க மறுக்கும். கையும் நாவும் உணரும் இத்தகைய குணங்களுள் ஒன்றாகிய புளிப்பையும் காரத்தையும் எண்ணால் அளக்க மனிதன் எவ்வாறு கற்றான்? மீனும் செடியும் வளர்ப்போருக்கு அவ்வெண்ணால் ஆவது யாது? இவையே இன்றைய பேச்சின் பொருளாகும்.

1664ஆம் ஆண்டிலே இராபர்ட் பொயில் என்னும் அறிஞர், ஊதாப் பூவின் சாறு அமிலத்திற் செந்நிறமும் காரத்திற் பசுநிறமும் அடைவதை எழுதிவைத்தார். நிறம் திசையைக் காட்டிற்று, அளவைக் காட்டவில்லை. அளவை வகுத்தவர் சோரன்சன் என்னும் தேனிய நாட்டு இரசாயனர். கொப்பனேகனிலுள்ள காள்சுபேர்க்கு ஆய்வுகூடத்தில் நொதியங்களை ஆராய்ந்த அவர், 1909ஆம் ஆண்டில் பி.எச். என்னும் அளவையை வெளியிட்டார். அதிலே 7 நடுநிலை. குறைந்தால் அமிலம், கூடினாற் காரம். ஒரு படி வேறுபாடு பத்து மடங்கு வேறுபாடாகும் என்பதை நாம் மறத்தலாகாது. 1934ஆம் ஆண்டிலே அமெரிக்கரான ஆர்னல்டு பெக்மன், எலுமிச்சஞ் சாற்றின் புளிப்பை அளப்பதற்கென இதற்கு ஒரு மின்கருவியும் அமைத்தார்.

கண்ணாடித் தொட்டியின் கதையோ இவ்வளவைக்கு முந்தியது. 1850ஆம் ஆண்டிலே இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயனர், பொன்மீன்களையும் நீர்ச்செடியையும் ஒரே பாத்திரத்தில் இட்டார். செடி வெளிவிடும் ஒட்சிசனை மீன் சுவாசித்தது. அழுகிய இலைகள் நீரைக் கெடுக்கவே, அவற்றை உண்ண நத்தைகளையும் சேர்த்தார், தொட்டி நிலைபெற்றது. 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையிலே பொதுமக்களுக்கென ஒரு மீன்காட்சியகம் திறக்கப்பட்டது.

இக்கதையில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. உலகெங்கும் தொட்டிகளில் வளர்க்கப்படும் கிரிப்டொகொரைன் என்னும் செடியினத்திற் பல, இலங்கையின் நிழல்சூழ்ந்த ஓடைகளுக்கு உரியன. அவற்றுள் ஒன்று, பேராதனைப் பூந்தோட்டத்தின் பொறுப்பை 1849இல் ஏற்ற துவைற்சு என்பாரின் பெயரைத் தாங்கியது. மற்றொன்றாகிய வெந்தியை என்பதற்கு 1958இலே டி விற் என்னும் ஒல்லாந்து அறிஞர் பெயரிட்டார். தொட்டிகளில் அழகுசெய்யும் செந்நிறச் சிறுமீனாகிய தித்தெயாவை 1929இல் விவரித்தவர் தெரணியகலை ஆவர்.

இனி என் தவறொன்றைக் கூறுகிறேன். எமது பாடசாலைத் தொட்டியை அழகுபடுத்தக் கருதி, கடற்கரையிற் பொறுக்கிய சிப்பிகளையும் முருகைக் கற்களையும் அதில் இட்டோம். சில வாரங்களிற் செடிகளின் இலைகள் கரைந்து உதிர்ந்தன. சோதனைத்தாள் 8ஐக் கடந்து நின்றது. நான் எலுமிச்சஞ் சாற்றை விடுவித்தேன், எண் இறங்கிற்று. மறுநாட் காலை மீண்டும் ஏறியிருந்தது. மீண்டும் சாறு விட்டோம். மூன்றாம் நாள் மீன்கள் மிதந்தன. மாணவர் என் முகத்தைப் பார்த்தனர், என்னிடம் விடையில்லை.

விடையைப் பின்னரே கற்றேன். சிப்பியும் முருகைக் கல்லும் சுண்ணாம்பு, அதாவது கல்சியம் காபனேற்று. அமிலம் படுந்தோறும் அவை கரைந்து அதனை மாய்க்கும். எண் பழையபடி ஏறும். மீனைக் கொன்றது எட்டு என்னும் எண்ணன்று. அவ்வெண்ணை நாம் ஏற்றியும் இறக்கியும் ஆடவைத்ததே. அன்றியும், மீனின் கழிவில் உண்டாகும் அமோனியா, காரம் மிகுந்தோறும் நச்சுத்தன்மை மிகும்.

செடியுள்ள தொட்டியிற் சிறு ஏற்றத்தாழ்வு இயல்பே. பகலில் செடி காபனீரொட்சைட்டை உறிஞ்ச எண் ஏறும். இரவிற் செடியும் மீனும் அதனை வெளிவிட, எண் இறங்கும். நீரிற் கரைந்துள்ள இருகாபனேற்று இவ்வாட்டத்தைத் தாங்கும் தூண் போன்றது. மழைநீரில் அத்தூண் மெலிந்தது. ஆதலால் அதனை மட்டும் நிரப்புதல் ஆகாது. சுண்ணாம்புப் பொருளை முதலில் அகற்றுக. பின்னர், தூய மழைநீரைக் கிணற்றுநீருடன் கலந்து, வாரந்தோறும் தொட்டிநீரிற் சிறு பங்கை மட்டும் மாற்றுக. காலையிலும் மாலையிலும் அளந்து குறித்துவைக்க.

நாங்களும் அவ்வாறே செய்தோம். வேரிலிருந்து புதிய இலைகள் துளிர்த்தன. அளக்கும் கருவி கையிலிருப்பது மட்டும் அறிவாகாது. அளந்தபின் காரணத்தைத் தேடும் பொறுமையும் வேண்டும். அதனை எனக்குக் கற்பித்தவை அந்தச் சிறு மீன்களே.