மோட்டார் வண்டியில் உருகு கம்பி வந்த வரலாறு



பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டும் குடும்பங்கள் நம் தோட்டங்களில் உண்டு. அப்படிப்பட்ட சில வண்டிகளின் முன்மூடியைத் திறந்து பார்த்தால், பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு சாணுக்கு மேற்படாத மெல்லிய கம்பி ஒன்று தடித்த கம்பியோடு இணைந்திருக்கும். அது அறுந்துவிட்டால் விளக்கு எரியாது, ஹாரன் அடிக்காது, வண்டி பிணம்போலக் கிடக்கும். உடனே கையில் கிடைத்த ஒரு கம்பியைச் சுற்றி வண்டியைக் கிளப்பிவிடுகிறவர்கள் பலர். வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் அதன் பிறகு அந்த வண்டியில் குழந்தை குட்டிகளை ஏற்றிக்கொண்டு போவது எத்தகைய காரியம் என்பதை, அந்தச் சிறு கம்பியின் வரலாற்றை அறிந்தவர்களே உணர்வார்கள். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

இதன் தொடக்கம் மோட்டார் வண்டியில் இல்லை, தந்திக் கம்பியில் இருக்கிறது. பாரிஸ் நகரில் புகழ்பெற்ற கடிகாரக் குடும்பத்தில் பிறந்த லூயி பிரேகே என்பவர் தந்திக் கருவிகளும் செய்து வந்தார். இடி மின்னலின்போது தந்திக் கம்பி வழியே மின்சாரம் பாய்ந்து நிலையத்துக் கருவிகளைப் பாழாக்கியது. நிலையத்துக்குள் நுழையுமுன் கம்பியின் ஒரு பகுதியை வேண்டுமென்றே மெல்லியதாக வைத்தால், அந்த இடம் முதலில் உருகிப் போகும், உள்ளே இருக்கும் கருவி தப்பும் என்று 1847இல் அவர் யோசனை கூறினார். நம் பாடநூல்களில் ‘மின் உருகி’ என்றும் பட்டறையில் ‘பியூஸ்’ என்றும் சொல்கிறோமே, அதன் வித்து இதுதான். பிறகு வீடுகளுக்கு மின்விளக்கு வந்த காலத்தில் அமெரிக்காவில் எடிசன் இதே கருத்தைத் தம் மின்சார அமைப்பில் பயன்படுத்தி, 1890இல் பியூஸ் கட்டைக்குக் காப்புரிமை பெற்றார். ஈயம் 327 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். அதனால் பழைய பியூஸ்களில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த கம்பியை வைத்தார்கள்.

பேட்டரியின் கதையும் பிரான்சில்தான் தொடங்குகிறது. ஈயத் தகடுகளை அமிலத்தில் வைத்து, தீர்ந்தபின் மீண்டும் மின்சாரம் ஏற்றக்கூடிய மின்கலத்தை 1859இல் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். கார் பேட்டரிகளில் பெரும்பாலானவை இன்றும் அதன் வழித்தோன்றல்களே. ஆனால் முதல் மோட்டார் வண்டிகளுக்குப் பெரிய பேட்டரி தேவைப்படவில்லை. வண்டியின் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகி, மனிதன்தான் இன்ஜினைச் சுற்றிக் கிளப்ப வேண்டும். இன்ஜின் சில வேளை எதிர்ப்புறமாக உதைக்கும். கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு எலும்பு முறிந்தவர்கள் ஏராளம்.

இந்தத் துன்பத்தைத் தீர்த்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அவர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர், 1912ஆம் ஆண்டுக்கான காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. பொத்தானை அழுத்தினால் போதும், இன்ஜின் சுழலும். பெரிய நன்மைதான், ஐயமில்லை. ஆனால் அன்றே ஒரு பெரிய அபாயமும் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எப்படி என்று கேளுங்கள். ஒரு கார் விளக்குக்கு நான்கைந்து ஆம்பியர் மின்சாரம் போதும். ஸ்டார்ட்டருக்கோ நூறு, இருநூறு ஆம்பியர் வேண்டும். அவ்வளவையும் தரக்கூடிய பேட்டரி, யாராவது ஒரு ஸ்பேனரை அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே போட்டால் அந்த ஸ்பேனரையே பழுக்கக் காய்ச்சிவிடும். ஸ்டார்ட்டர் கம்பியில் சாதாரண பியூஸ் வைக்க முடியாது, ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அது போய்விடும். ஆகவே விரல் பருமனுள்ள கம்பியை, காவல் எதுவும் இல்லாமல், நேரே பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு இழுத்தார்கள். வண்டியின் மற்ற எல்லாத் தேவைகளுக்கும் அதே இடத்திலிருந்து இன்னொரு கம்பி கிளை பிரிந்து போயிற்று. அதற்கும் காவல் இல்லை. பியூஸ் பெட்டியை எட்டும் வரையில் அது தனித்தே பயணம் செய்தது.

நம் நாட்டுச் சாலைகளில் ஒரு காலத்தில் நிறைந்திருந்த மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். லூக்காஸ் நிறுவனத்தின் நிற முறைப்படி, பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் வரும் கம்பி பழுப்பு நிறம். பியூஸைத் தாண்டி, சாவி போட்டால் உயிர் பெறும் கம்பி பச்சை. பழைய வண்டிகளில் கம்பிக்கு மேலே ரப்பரும் நூல் பின்னலும்தான் உறை. வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் ரப்பர் வெடித்து உதிரும். பழுப்புக் கம்பி ஏதாவதொரு தகட்டு விளிம்பில் உரசி உறை கிழிந்துவிட்டால், பேட்டரியின் முழு வலிமையும் அந்தக் கம்பியில் பாயும். சில நொடிகளில் கம்பி சிவந்து, பக்கத்தில் உள்ள கம்பிகளையும் பற்றவைக்கும். பெட்ரோல் குழாயும் அதே இடத்தில்தான் ஓடுகிறது.

1950களில் ஆறு வோல்ட் பேட்டரி போய்ப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி பரவலாயிற்று. 1960களில் டைனமோவின் இடத்துக்கு ஆல்டர்னேட்டர் வந்தது. குளிர்சாதனம், வானொலி என்று வண்டிக்குள் மின்சாரச் செலவும் பெருகிற்று. அந்தக் காலத்தில்தான் அமெரிக்கக் கார் நிறுவனங்கள் பிரேகேயின் பழைய யோசனையை வண்டிக்குள் கொண்டு வந்தன. கிளைக் கம்பி புறப்படும் இடத்திலேயே, அதைவிட நான்கு எண் மெலிந்த செப்புக் கம்பியைச் சிறிது நீளம் இணைத்தார்கள். அமெரிக்க அளவு முறையில் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். நான்கு எண் வித்தியாசம் என்றால் கம்பியின் குறுக்குப் பரப்பு ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். கம்பியைவிட அதன் உறைதான் எனக்குப் பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தோன்றுகிறது. சாதாரணப் பிளாஸ்டிக் உறை எரியும். இந்தத் தனி வகை உறையோ உள்ளே செம்பு உருகினாலும் கொப்பளித்து உப்புமே தவிர, எளிதில் தீப்பிடிக்காது. இதுவே ‘பியூசிபிள் லிங்க்’, அதாவது உருகு கம்பி. ஜப்பானியக் கார்களிலும் இது பரவியது. 1985இல் வெளிவந்த நம் புரோட்டோன் சாகா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டது. அதன் பேட்டரி அருகிலும் இதைக் காணலாம். பிற்காலத்தில் செருகிக் கழற்றும் சிறு பெட்டி வடிவம் வந்து, கம்பி வடிவம் குறைந்தது.

இனி, உருகிப் போனதை எப்படிச் சீர்செய்வது என்று பார்ப்போம். முதலில், அது ஏன் உருகிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். பேட்டரியை மாற்றி மாட்டியது பெருங்காரணம். பழைய ஆங்கிலக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் கூட்டல் முனை வண்டியின் உடலோடு இணைந்திருந்தது. 1960களில் அந்த வழக்கம் மாறிக் கழித்தல் முனை உடலுக்குப் போயிற்று. இரண்டு வகை வண்டிகளையும் கண்ட தலைமுறைக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் முனைகள் மாறினால் ஒரே நொடியில் உருகு கம்பி போய்விடும். கம்பி உரசுவது, எலி கடிப்பது ஆகியவையும் காரணங்களே.

வேலையைத் தொடங்குமுன் வண்டியின் உடலோடு இணைந்த பேட்டரிக் கம்பியைக் கழற்றுங்கள். அதைக் கழற்றிவிட்டால் பிறகு ஸ்பேனர் வண்டி உடலில் பட்டாலும் பொறி பறக்காது. பேட்டரிக்கு அருகே பீடி, சுருட்டு வேண்டாம். மின்சாரம் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும். உருகு கம்பியின் உறை கொப்பளிக்காமல், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நம்பாதீர்கள். இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுங்கள். ரப்பர் போல நீண்டால் உள்ளே செம்பு அறுந்துவிட்டது என்று பொருள். கடையில் அதே எண்ணுள்ள உருகு கம்பியையே கேட்டு வாங்க வேண்டும். சாதாரணக் கம்பியோ சிகரெட் பெட்டித் தாளோ ஆகாது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமும் கூடாது. பழைய கம்பியை வெட்டும்போது பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்ட வேண்டும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. இரு முனைகளையும் இணைப்புக் குழாயில் நுழைத்து நசுக்கி, ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். வெறுமனே முறுக்கிச் சுற்றிய இணைப்பு, வண்டி குலுங்கக் குலுங்கத் தளர்ந்து சூடேறும்.

பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவுங்கள். இன்ஜினையும் வண்டி உடலையும் இணைக்கும் பட்டைக் கம்பியையும் மறவாமல் பாருங்கள். அது அறுந்திருந்தால் ஸ்டார்ட்டர் மின்சாரம் வேறு வழியில்லாமல் சோக் கம்பி, ஆக்சிலரேட்டர் கம்பி வழியே ஓடும். வண்டியைக் கிளப்பும்போது அவை தொட முடியாமல் சுட்டால் இதுவே காரணம்.

கடைசியாக, கழற்றிய கம்பியைப் பேட்டரியில் நேரே மாட்டிவிடாதீர்கள். கம்பிக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்றை இணைத்துப் பாருங்கள். கதவுகளை மூடி, சாவியை எடுத்து, எல்லாவற்றையும் அணைத்த நிலையிலும் பல்பு பிரகாசமாக எரிந்தால் கோளாறு இன்னும் உள்ளே இருக்கிறது. எரியாவிட்டால், அல்லது வண்டிக் கடிகாரத்துக்காக மங்கலாக மட்டும் மினுங்கினால், பல்பை எடுத்துவிட்டுக் கம்பியை மாட்டி இறுக்கலாம்.