கம்பியாய் வளைந்த கை

அமெரிக்காவில் 1885இல் கொத்து வேலை பழகப்போன பிராங்க் கில்பிரெத் ஒன்றைக் கவனித்தார்: சொல்லிக்கொடுக்கும்போது கொத்தனார் செங்கல் வைக்கும் விதம் ஒன்று, அவசரத்தில் வைப்பது வேறு. 1910களில் தொழிலாளியின் விரலில் சிறு விளக்கைக் கட்டி, மூடாமல் விட்ட காமிராவில் கையின் பாதையைப் பிடித்தார். அந்த ஒளிக்கோட்டின்படி கம்பியை வளைத்துப் புதியவர்களுக்குப் பாடமாக்கினார். வீண் அசைவும் அலுப்பும் குறைந்தன, மறுப்பதற்கில்லை. டெய்லரின் கடிகாரத்தைவிட இது மேல்தான். ஆனா அந்தக் கம்பி யார் மேசையில் இருந்தது? கையின் சூட்சுமம் நிர்வாகத்தின் அலமாரிக்குப் போனதைத்தான், செம்புக் கொல்லராக வேலைபார்த்த பிரேவர்மன் 1974இல் எழுதினார். இன்று கணினித் திரையில் பயிற்சி முடிக்கும் ஊழியர் எங்கே தயங்கினார், எத்தனை முறை தப்பினார் என்பதெல்லாம் பதிவாகிறது. அந்தப் பதிவைத் தொழிலாளி கேட்டால் கொடுப்பாங்களா என்றுதான் நான் கேட்கிறேன்.